விசரா ரிப்போர்ட்டில் ‘விஷம் இல்லை’ என்று வந்தால் விஷமே இல்லையா? தடய நச்சியல் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு பதில்

சிவகங்கையில் எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தடய நச்சியல் பாடம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் விஷங்களின் பெயரும் அறிகுறியும் முறிவு மருந்துமாகப் பக்கம் பக்கமாகப் போகிறது. எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது என்றே தெரியவில்லை. இன்னொன்று: எங்கள் ஊரில் ஒருவர் பூச்சிமருந்து குடித்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார். விசரா ரிப்போர்ட்டில் விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் விஷத்தால் சாகவில்லையா?”

இரண்டாவது கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டால் முதல் கேள்விக்கு வழி தானாகப் பிறக்கும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் காரைக்குடிக்காரன், சட்டம் சார்ந்த மருத்துவம் கற்பிப்பவன். உதாரணங்களும் நம் பக்கத்திலிருந்தே வரும்.

விசரா என்பது பிரேதப் பரிசோதனையில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் உள்ளுறுப்புகள். அந்த ரிப்போர்ட்டில் வரும் ‘கண்டறியப்படவில்லை’ என்பதற்கு ஒரே பொருள்தான். அனுப்பப்பட்ட பொருளில், ஆய்வகம் எந்தெந்த நஞ்சைத் தேடியதோ அவை, அந்த ஆய்வுமுறையால் பிடிக்கக்கூடிய அளவில் இல்லை. அதற்கு மேல் அந்த வாக்கியத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. எதைத் தேடினார்கள், எதில் தேடினார்கள், எப்போது எடுத்ததில் தேடினார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் அந்த வரியைப் படிக்கவே கூடாது.

உங்கள் ஊர்க்காரர் குடித்தது ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து என்று வைத்துக்கொள்வோம். மருந்து உள்ளே போனதும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நொதி சிதைக்க வேண்டிய, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்குகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, வாயில் நுரை தள்ளுகிறது, வியர்வை கொட்டுகிறது, நெஞ்சுக்குள் சளி நிறைகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் வயிற்றைக் கழுவுகிறார்கள், முறிவு மருந்தான அட்ரோபின் போடுகிறார்கள். ஈரல் தன் வேலையைச் செய்கிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. முதல் நாள் தப்பித்தவருக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் மூச்சுத் தசைகள் தளர்ந்துபோகும் நிலை வரலாம். வென்டிலேட்டரில் இருக்கும்போது நிமோனியா வந்து, ஏழாவது நாள் இறக்கிறார். அன்று பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் இரைப்பையிலும் ஈரலிலும் அந்தப் பூச்சிமருந்து இல்லாமல் போனால் அதில் வியப்பு ஒன்றுமில்லை. மருந்து போய்விட்டது, அது செய்த சேதம் போகவில்லை. மரணத்துக்குக் காரணம் அந்த விஷம்தான்.

அப்படியானால் சாட்சி எங்கே இருந்தது? முதல் நாள் இரவு, கேஷுவாலிட்டியில். மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடும் ரைல்ஸ் ட்யூபில் முதன்முதலாக வெளிவந்த இரைப்பை நீரிலும், சிகிச்சை தொடங்குமுன் எடுத்த முதல் ரத்தத்திலும் இருந்தது. அந்த நேரத்தில் எல்லோரும் உயிரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருப்பார்கள், அதுதான் சரியும்கூட. ஆனால் ஒருவர், பெரும்பாலும் ஒரு ஹவுஸ் சர்ஜன், அந்த முதல் நீரில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, பெயரும் தேதியும் நேரமும் எழுதி, மூடி முத்திரை வைத்து, கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஏழு நாள் கழித்து வரும் கேள்விக்கு அந்தப் பாட்டில் பதில் சொல்லும். சிறுநீர் இன்னும் சில நாட்களுக்கு உதவும், பூச்சிமருந்தின் சிதைபொருட்கள் அதில் வரும். ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு குறைந்திருப்பதும் வலுவான துணைச்சான்று. அந்தப் பரிசோதனை முதல் நாளே செய்யப்பட்டிருந்தால் அதன் தாள் கேஸ் ஷீட்டில் இருக்கும். ஆய்வகத்தின் ‘இல்லை’ வந்த பிறகு நீங்கள் தேட வேண்டியது அந்தத் தாளைத்தான்.

நஞ்சு உடலுக்குள் போவது, பரவுவது, மாறுவது, வெளியேறுவது என்று புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வரும். மாணவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு விஷப் பட்டியலுக்கு ஓடிவிடுகிறார்கள். என் கருத்தில் பாடத்தின் உயிரே அந்த அத்தியாயம்தான். கள்ளச்சாராயத்தையே பாருங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் அதே உருவில் பெரிய கெடுதல் செய்வதில்லை. ஈரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. ரத்தத்தை அமிலமாக்குவதும் பார்வை நரம்பைக் கெடுப்பதும் அந்த அமிலம்தான். தாமதமாக வந்த நோயாளியின் ரத்தத்தில் மெத்தனால் குறைவாக இருந்து, ஃபார்மிக் அமிலம் ஏறிப்போயிருக்கும். மெத்தனாலை மட்டும் அளந்துவிட்டு ‘கொஞ்சம்தான் குடித்திருக்கிறார்’ என்று சொல்பவர் தவறான பொருளை அளந்திருக்கிறார். சாதாரண மது எத்தனால் இதற்கு முறிவாக வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். இரண்டையும் மாற்றுவது ஒரே நொதி. எத்தனால் அந்த நொதியைப் பிடித்துக்கொண்டால் மெத்தனால் மாறாமல் நின்று, மெதுவாக வெளியேறும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஆய்வகம் இல்லை என்றால் வழக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1960-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அனந்த் சிந்தாமன் லாகு எதிர் பம்பாய் மாநிலம் வழக்கைக் கட்டாயம் படியுங்கள். 1956-இல் பூனாவிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் கூட்டிச் செல்லப்பட்ட ஒரு விதவை நினைவிழந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு இறந்துபோனார். கூட்டிச் சென்றவர் ஒரு மருத்துவர். வேதியியல் பரிசோதனையில் விஷம் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் அந்த மருத்துவர் முன்னும் பின்னும் நடந்துகொண்ட விதமும், மற்றச் சூழ்நிலைச் சான்றுகளும் சேர்ந்து விஷக்கொலையைத்தான் காட்டுகின்றன என்று நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. 1984-இல் ஷரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் அதே நீதிமன்றம், விஷக்கொலை என்று சொல்ல நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்றது. கொல்லத் தெளிவான நோக்கம் இருந்ததா, இறந்தவர் விஷத்தால்தான் இறந்தாரா, அந்த விஷம் குற்றம்சாட்டப்பட்டவரிடம் இருந்ததா, கொடுக்க வாய்ப்பு இருந்ததா. அந்த வழக்கில் உடலில் பொட்டாசியம் சயனைடு இருந்தது உறுதி, ஆனாலும் குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையானார். விஷம் இருப்பது ஒன்று, அதை யார் கொடுத்தார் என்பது வேறொன்று. இந்த நான்கில் மருத்துவருக்கு உரியது இரண்டாவது மட்டுமே. மற்ற மூன்றைப் பற்றி நம் அறிக்கையில் ஒரு சொல்கூட வரக்கூடாது.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். பலர் மனதில் ஆய்வகம் என்றால் ஒரு இயந்திரம், ஈரலை உள்ளே போட்டால் விஷத்தின் பெயர் வெளியே வரும் என்ற படம் இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு நஞ்சுக் குடும்பத்துக்கும் பிரித்தெடுக்கும் வழி வேறு. ஆவியாகும் பொருளைத் தேடும் முறையில் ஆர்செனிக் வராது. உலோகத்தைத் தேடும் முறையில் தாவர நஞ்சு வராது. கையில் இருக்கும் உறுப்பு கொஞ்சம்தான், அதை எல்லாத் தேடலுக்கும் பங்குபோட முடியாது. ஆக, எதைத் தேடுவது என்பதை முடிவுசெய்ய ஆய்வாளருக்கு ஒரு கைகாட்டி வேண்டும். மதுரையிலோ ராமநாதபுரத்திலோ உள்ள வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்தில் இருப்பவர் அந்த உடலைப் பார்த்ததில்லை. வார்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் பாட்டிலோடு போகும் தாளில் நீங்கள் எழுதியதுதான்.

அந்தத் தாளில் ‘விஷம் குடித்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று மட்டும் எழுதி அனுப்புவது நம் பழக்கமாகிவிட்டது. இது எனக்கு உள்ளபடியே வருத்தம் தரும் விஷயம். கண்மணி சுருங்கியிருந்ததா விரிந்திருந்ததா, வலிப்பு வந்ததா, நாடி எத்தனை, ஈ.சி.ஜி.யில் என்ன தெரிந்தது, எத்தனை நாள் சிகிச்சை, என்னென்ன மருந்து கொடுத்தோம், இரைப்பையைத் திறந்தபோது என்ன வாடை, என்ன நிறம், இலைத்துணுக்கோ விதைத்துண்டோ இருந்ததா என்று ஐந்தாறு வரி எழுதினால் தேடும் திசையே மாறிவிடும். அட்ரோபின் கொடுத்ததை எழுதாமல் விட்டால், உடலில் அட்ரோபின் இருக்கிறது என்று ரிப்போர்ட் வரும்போது, அதே அட்ரோபின் உள்ள ஊமத்தையைத் தின்றாரா என்ற குழப்பம் எழும்.

இதற்கு உங்கள் வட்டாரத்தில் என்ன நஞ்சு புழங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் சாணிப்பவுடர் என்ற சாயப்பொடியால் வரும் கேஸ்களை அங்குள்ள மருத்துவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். நம் செட்டிநாடு வானம் பார்த்த செம்மண் பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நெல், அதற்குப் பூச்சிமருந்து. நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி பேஸ்ட், தானியத்தில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காரைக்குடியில் பொற்கொல்லர் தொழில் இருப்பதால் சயனைடையும் நினைவில் வைக்க வேண்டும். வேலியோரத்திலும் நான்குவழிச் சாலையின் நடுவிலும் அரளி. எலி பேஸ்ட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் முதல் நாள் வாந்திக்குப் பிறகு ஆள் தெளிவாகிவிடுவார். வீட்டுக்காரர்கள் நிம்மதியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் காமாலையும் ரத்தக்கசிவுமாகத் திரும்பி வருவார்கள், அப்போது ஈரல் கெட்டிருக்கும். இந்த இடைவெளியை அறியாத மருத்துவர் அதை வைரஸ் காமாலை என்று எழுதிவிடக்கூடும்.

உயிரோடு இருப்பவரிடம் விவரம் கேட்கும்போது அதட்டாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது. பயந்தவர் பாட்டிலை ஒளித்துவிடுவார், பெயரை மாற்றிச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து “ஐயா, எதைக் குடிச்சீங்கன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்” என்று சொன்னால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். உறவினரிடம் காலி பாட்டிலையோ டப்பாவையோ எடுத்துவரச் சொல்லுங்கள். பிழைத்து வீடு திரும்பும்போது மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அதுவும் நம் வேலைதான்.

அடுத்து பாட்டில். இதைப் புத்தகம் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறது, பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் கெடுகின்றன. வழக்கமாக எடுப்பது இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடலின் மேல்பகுதியில் சுமார் 30 செ.மீ. அதன் உள்ளடக்கத்தோடு, ஈரலில் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதி பாதி, ரத்தம், இருந்தால் சிறுநீர். இரைப்பை குடல் ஒரு பாட்டில், ஈரல் சிறுநீரகம் இன்னொரு பாட்டில். இரைப்பையின் இரு முனையையும் முடிச்சுப் போட்டுக் கட்டிய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் கொட்டி மற்ற உறுப்புகளில் ஒட்டிவிடும்.

உறுப்புகளைக் கெடாமல் வைக்கப் பெரும்பாலும் ஊற்றுவது செறிவான உப்புக் கரைசல். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அதற்கு மேல் கரையாமல் அடியில் தங்கும். அந்தத் தங்கல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கரைசல் செறிந்தது. ஒரு கைப்பிடி உப்பைத் தண்ணீரில் போட்டால் அது உப்புத்தண்ணீர், அதில் ஈரல் அழுகிவிடும். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. அழுகும் வாயு மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். எரிக்கும் அமிலங்கள் போன்ற சிலவற்றுக்கு உப்புக் கரைசல் ஆகாது, ரெக்டிஃபைடு ஸ்பிரிட், அதாவது செறிவான எத்தனால் வேண்டும். மதுவையோ குளோரோஃபார்மையோ தேட வேண்டிய கேஸில் ஸ்பிரிட் ஊற்றினால் தேடலே பாழ். ஃபார்மலின் மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அது திசுவை இறுக்கி நஞ்சைப் பிரித்தெடுக்க முடியாமல் செய்துவிடும், சில நஞ்சுகளோடு வினைபுரிந்து அவற்றையே மாற்றியும் விடும். திசுப் பரிசோதனைக்குப் போகும் இதயத் துண்டுக்கு ஃபார்மலின் பாட்டிலும், வேதியியல் பரிசோதனைக்குப் போகும் ஈரலுக்கு உப்புப் பாட்டிலும் ஒரே மேசையில் இருக்கும். அதனால் உறுப்பை எடுக்குமுன்பே பாட்டில்களில் லேபிளை ஒட்டிவிடுங்கள்.

ரத்தத்துக்கு சோடியம் ஃபுளோரைடு, ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், கூடவே உறையாதிருக்கப் பொட்டாசியம் ஆக்ஸலேட். ஃபுளோரைடு எதற்கு என்பது பின்னால் வரும்.

இவை எல்லாவற்றோடும், நீங்கள் ஊற்றிய அதே உப்புக் கரைசலில் கொஞ்சம் தனிப் பாட்டிலில் போக வேண்டும். மாணவர்கள் இதை ஏதோ சடங்கு என்று நினைக்கிறார்கள். இதன் வேர் 1840-இல் பிரான்சில் நடந்த லஃபார்ஜ் வழக்கில் இருக்கிறது. கணவனுக்கு ஆர்செனிக் கொடுத்ததாக மனைவி மீது குற்றச்சாட்டு. 1836-இல் ஜேம்ஸ் மார்ஷ் கண்டுபிடித்த சோதனை அப்போது புதிது. உள்ளூர் வல்லுநர்கள் செய்தபோது ஒரு முறை இருக்கிறது என்றார்கள், ஒரு முறை இல்லை என்றார்கள். கடைசியில் பாரிஸிலிருந்து மத்தேயு ஆர்ஃபிலா வந்தார். 1814-இல் நஞ்சுகள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டு இத்துறைக்கே அடிக்கல் போட்டவர் அவர். உடலில் ஆர்செனிக் இருக்கிறது என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அது புதைத்த இடத்து மண்ணிலிருந்து வந்ததல்ல, சோதனைக்குப் பயன்படுத்திய வேதிப்பொருட்களிலிருந்து வந்ததல்ல என்பதையும் காட்டினார். புதைத்த உடலைத் தோண்டி எடுக்கும்போது மேலும் கீழும் பக்கங்களிலும் மண் எடுப்பதும், உப்புக் கரைசலைத் தனியாக அனுப்புவதும் அதே தர்க்கம். ‘அந்த உப்பிலேயே இருந்திருக்கலாமே?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், தனிப் பாட்டிலில் இல்லை என்று காட்டுவதைத் தவிர வேறு பதில் கிடையாது. இந்த வேலையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது.

பாட்டிலை யார் மூடினார், யார் வாங்கினார், எங்கே வைத்திருந்தார், ஆய்வகத்தில் யார் பெற்றார் என்ற தொடர் ஒரு இடத்தில் அறுந்தாலும், உள்ளே இருக்கும் வேதியியல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை. முத்திரையின் மாதிரியைத் தனியே அனுப்புவது, போனபோது இருந்த முத்திரைதான் வந்தபோதும் இருந்தது என்று ஒப்பிடத்தான்.

ஆய்வகத்துக்குள் நடப்பதில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: முதலில் வடிகட்டும் சோதனை, பிறகு உறுதிசெய்யும் சோதனை, இரண்டும் வேறு வேறு தத்துவத்தில் இயங்க வேண்டும். முதலாவது வேகமானது, உருவ ஒற்றுமையால் ஏமாறக்கூடியது. இரண்டாவது, கேஸ் குரோமட்டோகிராபியோடு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி சேர்ந்தது போன்றது, மூலக்கூறையே அடையாளம் காட்டும். ஆனால் உறுதிசெய்த பிறகும் வேலை முடியவில்லை என்பதற்கு நம் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது.

கல்யாண வீட்டில் கசகசா அரைத்துவிட்ட குருமாவை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பையன் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறான் என்று வையுங்கள். சிறுநீரில் ஓபியம் வகைப் பொருள் இருப்பதாக முதல் சோதனை சொல்லக்கூடும். தவறாகச் சொல்லிவிட்டது என்று உறுதிசெய்யும் சோதனைக்கு அனுப்பினால், அதிலும் மார்ஃபின் வரும். காரணம், உள்ளே இருப்பது நிஜமான மார்ஃபின்தான். கசகசா ஓபியம் செடியின் விதை, அதில் மிகச் சிறிய அளவில் மார்ஃபின் ஒட்டியிருக்கும். சோதனை பொய் சொல்லவில்லை, மார்ஃபின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவும் இல்லை. அமெரிக்காவில் பணியாளர் சோதனைக்கான எல்லையை 1998-இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியதற்கு இந்தக் கசகசாச் சிக்கல் முக்கியமான காரணம். ஹெராயின் எடுத்தவரின் சிறுநீரில் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் என்ற சிதைபொருள் வரும், கசகசாவால் அது வராது. ஆகவே அதைத் தேட வேண்டும். அமீரகத்துக்குப் போகும் பிள்ளைகளிடம் மசாலாப் பொட்டலத்தில் கசகசா வேண்டாம் என்று வீட்டில் சொல்வது வெறும் பயமல்ல, அங்கே அதற்குத் தடையே இருக்கிறது.

பெயர் தெரிந்தாயிற்று, இனி எண். அளவுதான் ஒன்றை நஞ்சாக்குகிறது என்று 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் சொன்னதை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இறந்த உடலில் அந்த ‘அளவு’ எவ்வளவு வழுக்கலான பொருள் என்பதைச் சொல்வோர் குறைவு. இதற்கு ஒரு கற்பனைக் கேஸ். கானாடுகாத்தானில் பெரிய வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். எண்பது வயது ஆச்சி மட்டும் இரண்டாங்கட்டில் ஒரு அறையில் இருக்கிறார். இதய நோய்க்கு டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுபவர். ஒருநாள் காலையில் சமையல்காரம்மா வந்து பார்த்தபோது இறந்து கிடக்கிறார். சொத்துத் தகராறு இருப்பதால் சந்தேகம், பிரேதப் பரிசோதனை நடக்கிறது. இதயத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் டிஜாக்சின் மிக அதிகமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வருகிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குள் இருக்க வேண்டியது பல மடங்கு. யாரோ மாத்திரையை அள்ளிக் கொடுத்துவிட்டார்களா?

அவசரப்படக் கூடாது. டிஜாக்சின் உயிரோடு இருக்கும்போது இதயத் தசையில் போய் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். இறந்த பிறகு செல்கள் சிதையச் சிதைய அது தசையிலிருந்து கசிந்து, பக்கத்தில் தேங்கியிருக்கும் ரத்தத்தில் இறங்குகிறது. மனிதர் எதையும் கூடுதலாகச் சாப்பிடாமலே எண் ஏறுகிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ட்ரைசைக்ளிக் மருந்துகளும் இப்படித்தான். இதனால்தான் தொடைச் சிரையில், மேல்பக்கம் கட்டுப்போட்டுவிட்டு ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்குமுன் எங்கிருந்து எடுத்தது என்று பாருங்கள். ‘ரத்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பி எந்தக் கருத்தும் எழுத முடியாது.

இதே கேஸில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டுப் பின்கட்டில் மஞ்சள் அரளி பூத்து நிற்கிறது. அரளியில் உள்ள நஞ்சும் டிஜாக்சினும் ஒரே குடும்பம். டிஜாக்சினை அளக்கும் இம்யூனோஅஸே, அதாவது எதிர்ப்பொருளைக் கொண்டு பொருளை அடையாளம் காணும் சோதனை, அரளி நஞ்சையும் டிஜாக்சின் என்றே எண்ணிக்கொள்ளும். ஆக, அந்த ‘டிஜாக்சின்’ மாத்திரையா, அரளியா, இரண்டுமா? அதைப் பிரித்துச் சொல்ல மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். இரைப்பையில் விதைத்துணுக்கு இருந்ததா என்று உடலைத் திறந்தவரின் குறிப்பு வேண்டும். மாத்திரை அட்டையில் எத்தனை மீதி என்று போலீஸ் எண்ணியிருக்க வேண்டும். ஆச்சியின் சிறுநீரகம் எப்படி இருந்தது என்ற பழைய ரத்தப் பரிசோதனைத் தாளும் வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் பழுதானால் வழக்கமான மாத்திரையே உடலில் தேங்கி நஞ்சாகும். ஒரு எண்ணைப் படிக்க இத்தனை தேவை.

மதுவின் கணக்கு நீதிமன்றத்தில் அதிகம் வருவதால் அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிள்ளையார்பட்டி அருகே இரவு 10 மணிக்கு விபத்து. ஓட்டியவருக்கு ரத்தம் எடுத்தது பின்னிரவு 2 மணிக்கு. 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவின் எல்லை 30. ஆக, தப்பித்துவிட்டாரா? மது மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் வீதம் இறங்கும், ஆளுக்கு ஆள் 10 முதல் 25 வரை மாறும். நான்கு மணி நேரத்துக்குக் கூட்டினால் விபத்தின்போது 60-க்கும் 120-க்கும் இடையில் இருந்திருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு, விபத்துக்கு முன்பே குடித்தது முழுவதும் ரத்தத்தில் ஏறி முடிந்திருந்தால்தான் செல்லும். கடைசிக் குடி எப்போது என்று தெரியாமல் ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள், வீச்சைச் சொல்லுங்கள். ரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கவும் கூடாது.

இறந்தவரின் கதை வேறு. மூன்று நாள் கழித்து ஊருணியில் மிதந்த உடல், ரத்தத்தில் மது 60 மில்லிகிராம். குடித்துவிட்டு விழுந்தாரா? அழுகும் உடலில் நுண்ணுயிர்கள் சர்க்கரையை நொதிக்கவைத்து மதுவைத் தாமே உண்டாக்கும். ஃபுளோரைடு போடுவது குழாய்க்குள் இது தொடராமல் தடுக்கத்தான், உடலில் ஏற்கெனவே உண்டானதை அது ஒன்றும் செய்யாது. அதைப் பிரித்தறிய விட்ரியஸ் நீர், அதாவது கண் உருண்டைக்குள் இருக்கும் கூழ் போன்ற நீர், உதவும். கண் மூடிய அறை போன்றது, அழுகல் அங்கே தாமதமாகத்தான் எட்டும். ரத்தத்தில் 60 இருந்து, விட்ரியஸிலும் சிறுநீரிலும் மது இல்லையென்றால் அவர் குடிக்கவில்லை, அது அழுகலால் வந்தது என்று சொல்ல வலுவான இடம் கிடைக்கிறது. விட்ரியஸை மெல்லிய ஊசியால் கண்ணின் வெளியோரத்திலிருந்து மெதுவாக இழுக்க வேண்டும். எடுத்த அளவுக்கு நீர் செலுத்திக் கண்ணைப் பழையபடி நிரப்பிவிடுங்கள். வீட்டார் முகம் பார்க்க வருவார்கள்.

படிப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஒவ்வொரு நஞ்சுக்கும் இந்த வரிசையில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: உடலில் எதைத் தடுக்கிறது, அதனால் என்ன அறிகுறி, எதுவாக மாறுகிறது, எவ்வளவு நேரம் எதில் தங்கும், எதை எடுத்து எதில் போட்டு அனுப்ப வேண்டும், எது அதைப் போலவே காட்டி ஏமாற்றும். பூச்சிமருந்து, எலி பேஸ்ட், அலுமினியம் பாஸ்பைடு, அரளி, ஒடுவந்தழை என்ற நச்சிலை, மது, மெத்தனால், பாம்புக்கடி ஆகியவற்றை முதலில் முடியுங்கள், நம் ஜி.எச்.களில் அன்றாடம் கண்ணில் படுபவை இவை. ஆர்செனிக்கும் பாதரசமும் தேர்வுக்கு வேண்டும், பிறகு படிக்கலாம். பயிற்சிக்காலத்தில் ஒரு விசராப் பாட்டிலாவது உங்கள் கையால் கட்டி, லேபிள் எழுதி, அரக்கு வையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர்க்காரரின் கேஸில் இறுதிக் கருத்து எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் போலீஸ் விசாரணை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின் கீழ் நடக்கிறது, முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174. பிரேதப் பரிசோதனை செய்தவர் விசரா ரிப்போர்ட் வரும்வரை கருத்தை நிறுத்திவைத்திருப்பார். ரிப்போர்ட்டில் இல்லை என்று வந்ததும் ‘விஷத்தால் இறக்கவில்லை’ என்று எழுதினால் அது தவறு. கேஸ் ஷீட்டையும் கோலினெஸ்டரேஸ் தாளையும் வரவழைத்துப் பார்த்த பிறகு, ஏறக்குறைய இப்படி எழுத வேண்டும்: “வேதியியல் ஆய்வில் உள்ளுறுப்புகளில் நஞ்சு கண்டறியப்படவில்லை. எனினும் சேர்க்கையின்போது பதிவான அறிகுறிகள், குறைந்த கோலினெஸ்டரேஸ் அளவு, அளிக்கப்பட்ட சிகிச்சை, ஏழு நாள் உயிரோடு இருந்த காலம், பிரேதப் பரிசோதனையில் கண்ட நுரையீரல் மாற்றங்கள் ஆகியவற்றைக் கருதும்போது, இறந்தவர் ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சின் பின்விளைவுகளால் இறந்திருக்கலாம் என்பது என் கருத்து.” கேஸ் ஷீட்டில் அந்த அறிகுறிகள் எழுதப்படாமலும், அந்தத் தாள் இல்லாமலும் இருந்தால் இந்த வாக்கியத்தை எழுத முடியாது. அப்போது மரணத்தின் காரணத்தைத் திட்டமாகச் சொல்ல இயலவில்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும், இல்லாததை இட்டு நிரப்பக் கூடாது.